காணிக்கையை எண்ணியவனின் வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2019 முதல் மகன் குடும்பத்தோடு சென்னையின் தென்புறத்தில் குடியிருக்கிறேன்; ஞாயிறுதோறும் அவர்களோடு, பல்லாயிரம் பேர் கூடும் ஒரு சுயாதீனத் திருச்சபைக்குப் போய் வருகிறேன். அந்தச் சபையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே பணம் கையாடப்பட்டதாக எனக்கு எந்தத் தகவலும் இல்லை. மேலும், நான் சொல்ல வருவது நம் நகரங்களில் உள்ள பெரிய சபைகள் பலவற்றுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். காணிக்கையின் வரவு செலவுக் கணக்கை விசுவாசிகளுக்கும் காட்ட வேண்டும் என்று சபைக்குள் கேட்டுப் பார்த்து, கனிவான வார்த்தைகளுக்கு மேல் எதுவும் கிடைக்காததால் தங்கள் வாசகர் பகுதிக்கு இதை எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊர் மெஞ்ஞானபுரத்துக்கு அருகே, தேரிமணலை ஒட்டிய ஒரு பனங்காட்டுக் கிராமம். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாவதற்கு முன்பே கட்டிய ஓட்டுக்கூரைக் கோயில் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். சேகரத்து ஐயர், அதாவது பல ஊர்ச் சபைகளுக்குப் பொறுப்பான போதகர், மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற வாரங்களில் உள்ளூர் ஊழியரான உபதேசியார்தான் ஆராதனை நடத்துவார். ஆர்மோனியம் ஒன்று உண்டு, அதில் இரண்டு கட்டைகள் ஊமை.

அங்கிருந்து வந்தவனுக்குச் சென்னைச் சபையின் முதல் ஞாயிறு எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. ஆரஞ்சு நிற மேலங்கியும் கையில் வாக்கிடாக்கியுமாக இளைஞர்கள் கார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண்பிள்ளை, 'ப்ரைஸ் தி லார்ட் அங்கிள்' என்று சொல்லித் தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்தாள். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க எல்இடி திரை. டிரம்ஸ் அடித்தவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். முதல் மூன்று வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், பிறகு பழகிவிட்டது. பிரசங்க நேரத்தில் என் மனம் போன போக்கையும் ஒப்புக்கொள்கிறேன்: கீழ்த்தளத்தில் வரிசைக்கு 42 நாற்காலி, 58 வரிசை, ஆக 2,436. பால்கனியை எண்ண முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு ஆராதனைகள். அமெரிக்க ஆய்வாளர்கள் வாரந்தோறும் 2,000 பேர் கூடினாலே அதை 'மெகா சர்ச்' என்று வகைப்படுத்துகிறார்கள்; அந்தக் கணக்குப்படி எங்கள் சபை கீழ்த்தளத்திலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இத்தகைய சபைகளைப் பற்றி என்னைப் போன்ற பழைய கோயில்காரர்கள் ஏளனமாகப் பேசுவது வழக்கம், நானும் பேசியிருக்கிறேன். அதனால் அங்கே எனக்குக் கிடைத்த இரண்டு நன்மைகளை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, அங்கே என்னை யாரும் 'எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்கவில்லை. கேட்காதது எனக்கு முதலில் குறையாகப் பட்டது. ஏழெட்டு மாதம் எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துவந்த ஒருவர், பேச்சு வாக்கில், எங்கள் ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்தது. மகிழ்ச்சியில் நான் அடுத்தடுத்துக் கேள்விகள் கேட்க, அவர் முகம் மாறியது. "ஐயா, இங்க என்னை யாருக்கும் தெரியாது. அதுக்காகத்தான் ரெண்டு பஸ் மாறி வாரேன்" என்றார். அவருடைய ஊர்க் கோயிலில் எந்தச் சாதிக்காரர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், யார் வீட்டுச் சவத்துக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். என் வீட்டார் முன்வரிசைக்காரர்கள். பின்வரிசையில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அறுபது வயதுக்கு மேல் ஆகும்வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று மைல் தொலைவில் கிடைக்காத ஒன்று அவருக்கு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, பெயர் தெரியாத கூட்டத்துக்கு நடுவே கிடைத்திருக்கிறது. பெரிய சபையில் ஆளுக்கு ஆள் முகம் தெரிவதில்லை என்று குறை சொல்பவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 2022-ல் எனக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மருமகளும் அதே வாரம் பிரசவத்துக்குப் போயிருந்தாள். எங்கள் பகுதி வீட்டு ஜெபக்குழுவைச் சேர்ந்த ஏழு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு 19 நாட்கள் எண்ணெய் சேர்க்காத சமையலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட அதுவரை எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்குழு முறையைப் பெரிய சபைகளின் முதுகெலும்பாக ஆக்கிக் காட்டியவர் தென் கொரியாவில் சியோல் நகரின் யொய்டோ முழுச் சுவிசேஷ சபையை நிறுவிய டேவிட் யோங்கி சோ. 1958-ல் கூடாரத்தில் தொடங்கிய சபை அது. 1964-ல் அவர் உடல் தளர்ந்து மேடையிலேயே சரிந்த பிறகு, மக்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பெண்களைப் பெருமளவில் அவற்றின் தலைவர்களாக அமர்த்தினார். உலகின் மிகப் பெரிய சபை என்று சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. மேடவாக்கத்தில் ஒருவர் வீட்டு ரசமும் பருப்புத் துவையலும் என் கட்டிலருகே வந்து சேர்ந்ததற்குச் சியோலில் ஒரு தொடக்கம் உண்டு என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அந்தப் போதகரின் பெயர் இந்தக் கடிதத்தில் இன்னொரு முறையும் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் தணிக்கைத் துறையில் இருந்தவன் என்பது வீட்டுக்குழுத் தலைவர் மூலம் தெரியவந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து தேறியதும் என்னைக் காணிக்கை எண்ணும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு அந்த வேலையைச் செய்தேன்.

மேடைக்குப் பின்புறம் படியேறினால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பச்சை ரெக்சின் விரித்த நீள மேசை, கூரையில் இரண்டு கேமரா, பணம் எண்ணும் இயந்திரம் ஒன்று, சில்லறைக்குப் பிளாஸ்டிக் தட்டுகள். அரக்கு நிற வெல்வெட் பைகள் எண் எழுதிய பூட்டுக் கயிறோடு வரும். இரண்டு பேர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். எண்ணுகிறவர்கள் கைப்பேசியையும் தங்கள் பர்சையும் வெளியே ஒரு கூடையில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் மறுபடி எண்ணி, இருவரும் மூன்று படித் தாளில் கையெழுத்திட வேண்டும். பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்களின் ரொக்க அறைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இத்தனை ஒழுங்கை எங்கும் கண்டதில்லை. தணிக்கைத் தடை என்று, அதாவது குறை என்று, ஒரு வரி எழுத அங்கே இடமில்லை.

காணிக்கைக் கவரில் நான்கு கட்டங்கள் அச்சிட்டிருக்கும்: தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), காணிக்கை, கட்டட நிதி, மிஷனெரி நிதி. கொடுப்பவர் எதற்கென்று கொடுக்கிறாரோ அந்தக் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். ஊரடங்குக்குப் பிறகு கியூஆர் அட்டை வழியாகப் பெரும்பகுதி நேரே வங்கிக்குப் போய்விடுகிறது. அது எங்கள் மேசைக்கு வருவதில்லை. எங்களிடம் வருவது, கையால் கொடுத்தால்தான் கொடுத்ததாகும் என்று நினைப்பவர்களின் பணம். ஒருநாள் ஒரு கவரில் எட்டாக மடித்த பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்து இருந்தன. ஐந்திலும் மஞ்சள் கறை. அடுக்களை டப்பாவில் சேர்த்த பணம். கூடவே நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில், 'மகள் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை, ஜெபிக்கவும்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஜெபக் குறிப்பை அதற்குரிய பெட்டியில் போட்டோம். அவர் கட்டட நிதி என்ற கட்டத்தில் டிக் செய்திருந்ததால், கட்டட நிதிப் பத்தியில் 50 என்று நான் எழுதினேன். தாள் மேலே போயிற்று. அந்த 50 ரூபாய் கட்டடத்துக்குத்தான் போயிற்றா, அந்த ஆண்டு கட்டட நிதிக்கு மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, அதில் எவ்வளவு செலவாயிற்று என்பதெல்லாம் அந்தத் தாய்க்கும் தெரியாது, எண்ணிக் கையெழுத்திட்ட எனக்கும் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட வரவு செலவுக் கணக்கு சபையில் வாசிக்கப்பட்டதில்லை, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதுமில்லை.

கேட்டேன். உதவிப் போதகர் ஒருவர் என்னை அலுவலகத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பேசினார். பட்டயக் கணக்காளர் ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறார், வருமான வரித் துறைக்கு எல்லாம் போகிறது, அறங்காவலர்கள் பார்க்கிறார்கள் என்றார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். வரிவிலக்குப் பெறும் அறக்கட்டளைகள் தணிக்கை அறிக்கையோடு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். "விசுவாசிகளுக்கும் ஒரு படி காட்டலாமே" என்றேன். "ஐயா, கொடுக்கும்போதே அது தேவனுடையதாகிவிட்டது. கணக்கு அவருக்குக் கொடுக்கிறோம்" என்றார். கபடமாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். அடுத்த மாத முறைப்பட்டியலில் என் பெயர் இல்லை. வயதானவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள், அப்படியும் இருக்கலாம்.

அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் எனக்கு என் தகப்பனார் நினைவு வந்தது. எங்கள் ஊர்ச் சபைக்கு அவர் பதினோரு ஆண்டுகள் செயலாளர். ஆண்டு முடிவில் சபைக்கூட்டம் போட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு கணக்கு வாசிப்பார். சங்கக் காணிக்கை (உறுப்பினர் கட்டும் ஆண்டுச் சந்தா) இவ்வளவு, கைப்பிடி அரிசி விற்றது இவ்வளவு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முருங்கைக்காய்க் கட்டுக்கு, கோழி முட்டைக்கு, கருப்பட்டிக் கொட்டானுக்கு இவ்வளவு இவ்வளவு என்று வரவை முடித்துச் செலவுக்கு வருவார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்த ஒரு கூட்டத்தில், பனையேறி ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். அவர் கேட்டது மேண்டிலைப் பற்றி; பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரியும் வலைத்திரிக்கு அதுதான் பெயர்.

"செயலாளரய்யா, விளக்கு ரெண்டுதானே தொங்குது. மேண்டில் மூணு வாங்குனதா வாசிக்கிய?"

"ஒண்ணு மாட்டும்போதே உதிர்ந்துபோச்சு."

"அப்போ அதையும்லா எழுதியிருக்கணும்."

அன்று இரவு தகப்பனார் சாப்பிடவில்லை. வருஷத்துக்கு ஒரு ரூபாய் சங்கம் கட்டுகிறவன் என்னைக் கேட்கிறான் என்று அம்மாவிடம் புழுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த ஆண்டு, 'மேண்டில் 4. அதில் மாட்டும்போது உதிர்ந்தது 1' என்று வாசித்தார். சபை சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். செலவுச் சீட்டைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அதுதான். துறைத் தேர்வுக்குப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். என் தகப்பனார் நேர்மையானவர் என்பதில் அந்தப் பனையேறிக்கு ஐயம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு ரூபாய் கொடுத்தவனுக்கும் எழுந்து நிற்க அங்கே ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான். சாதியின் பெயரால் அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்த அதே கோயிலில்தான் இதுவும் நடந்தது என்பதை நான் மறைக்கவில்லை. வந்தவரையெல்லாம் பக்கத்தில் உட்காரவைக்கும் பெரிய சபையில் எழுந்து நின்று கேட்க ஒரு கூட்டம் இல்லை.

கணக்கு வாசித்துவிட்டால் மட்டும் நேர்மை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணக்கு வாசிக்கும் வழக்கமுள்ள எங்கள் பழைய திருமண்டலங்களின், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைத் தொகுதிகளின், தேர்தல்கள் எப்படி நடக்கின்றன, எத்தனை வழக்குகள் உயர் நீதிமன்றப் படியேறியிருக்கின்றன என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு, 'இவர் நம்மை மட்டும் யோக்கியர் என்கிறாரோ' என்று மகிழ வேண்டாம்.

ஆனால் கணக்கு மறைவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சபைகளின் சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. மேலே சொன்ன யோங்கி சோவுக்கு 2014-ல் சியோல் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தம் மகனிடமிருந்த பங்குகளைச் சபைப் பணத்தில் கூடுதல் விலைக்கு வாங்கச் செய்து சபைக்கு இழப்பு ஏற்படுத்தினார் என்பது வழக்கு. சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. புகார் கொடுத்தவர்கள் வெளியார் அல்லர், அந்தச் சபையின் மூப்பர்களே. சிங்கப்பூரில் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் நிறுவனர் கோங் ஹீயும் வேறு ஐந்து பேரும் ஏறத்தாழ 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தை முறைகேடாகப் பயன்படுத்தியதாக 2015-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அதில் ஒரு பகுதி கட்டட நிதி. கட்டட நிதி என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு மஞ்சள் கறை படிந்த அந்த ஐந்து தாள்கள்தான் கண்முன் வந்தன. எங்கள் சபையில் அப்படி நடந்ததாக நான் நினைக்கவில்லை என்பதை மீண்டும் சொல்கிறேன். ஆனால் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியவும் தெரியாது. நல்லவர்களாகிய அந்தப் போதகர்களுக்கே இது எவ்வளவு பெரிய அநியாயம்! நாளை யாராவது அவதூறு பேசினால், 'இல்லை, நான் கணக்கைப் பார்த்தேன்' என்று சொல்ல அவர்கள் பக்கம் ஒரு விசுவாசிகூட இல்லை.

இந்துக் கோயில்களுக்கு அறநிலையத் துறை இருப்பதுபோல் சபைகளுக்கும் அரசுத் துறை ஒன்று வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. வாழ்நாளெல்லாம் அரசுத் தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் பிற அறநிறுவனங்கள் பொதுப்பார்வைக்குத் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கையிலிருந்து திருச்சபைகளுக்கு விலக்கு உண்டு. அங்கே அரசு சட்டம் போட்டுவிடும் என்ற பேச்சு எழுந்த காலத்தில், சுவிசேஷ அமைப்புகள் பல ஒன்றுகூடி, 1979-ல் நிதிப் பொறுப்புக்கென ஒரு பேரவையைத் தாங்களே அமைத்துக்கொண்டன. அதில் சேரும் அமைப்பு, கேட்பவருக்குத் தன் கணக்கைக் காட்ட வேண்டும். நம் பெரிய சபைகளும் யாரும் உள்ளே வந்து கேட்பதற்கு முன் தாமாகச் செய்துவிடலாம்.

நான் கேட்பது பெரிதன்று. சபை சங்கமாகப் பதிவாகியிருந்தால் பொதுக்குழுவில் உறுப்பினர் கேட்க வழி உண்டு. அறக்கட்டளையாக இருந்தால் அறங்காவலர்களோடு நின்றுவிடுகிறது. எப்படிப் பதிவாகியிருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கம் போதும். கவரில் அச்சிட்ட அதே நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றிலும் சென்ற ஆண்டு இருப்பு, இந்த ஆண்டு வரவு, செலவு, மீதி. போதகர்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்த ஊதியத்தின் மொத்தம். கீழே தணிக்கையாளர் கையெழுத்து. வாக்குத்தத்த வசனத்தை அந்த எல்இடி திரையில் எவ்வளவு அழகாகப் போடுகிறார்கள்! அதே திரையில் இதையும் இரண்டு நிமிடம் போடலாம். வாசலில் ஒட்டியும் வைக்கலாம்.

சபையை விட்டு நான் விலகவில்லை. சென்ற ஞாயிறும் அதே வரிசையில், அதே நண்பருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு பக்கத்தைத் தயாரிக்க ஆள் இல்லையென்றால், இரண்டாம் ஆராதனை முடிந்து மகன் காரை வெளியே எடுக்க எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தணிக்கையாளர் ஒருவர்,
மேடவாக்கம், சென்னை.